புகைபிடித்தலும் ஆவிபிடித்தலும்: மின்சிகரெட்டும் மூச்சுவழித் தொற்றும் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழில் 'பிடித்தல்' என்னும் வினை மூச்சோடு சேர்ந்து இருவேறு தொடர்களை உண்டாக்கியுள்ளது. ஒன்று புகைபிடித்தல், மற்றொன்று ஆவிபிடித்தல். முன்னது தீங்கு என்பதை, அதனை விட முடியாதவரும் ஒப்புவர். பின்னது, சளியும் தலைபாரமும் கண்டபோது நொச்சித் தழையைக் கொதிக்கவைத்து, போர்வைக்குள் நம்மை அமர்த்தி, வீட்டுப் பெரியவர்கள் செய்துவரும் கைவைத்தியம். ஒன்று நோய்க்கு வழி. மற்றொன்று நோய்க்கு ஆறுதல். இவ்விரண்டையும் நம் மக்கள் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை.

அண்மைக் காலத்தில் இளைஞர் கைகளை வந்தடைந்துள்ள மின்சிகரெட் என்னும் கருவி இத்தெளிவைக் குலைத்துவிட்டது. செயலால் அது புகைபிடித்தலைச் சார்ந்தது. பெயரால் ஆவிபிடித்தலைச் சார்ந்ததுபோல் தோன்றுகிறது. அதற்கு வழங்கும் 'வேப்' என்ற பெயர், ஆவி எனப் பொருள்படும் 'வேப்பர்' என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கமாகும். "இது புகையன்று; வெறும் ஆவிதான்" என்னும் பேச்சு இப்பெயரிலிருந்தே வலிமை பெறுகிறது.

இக்கருவியைப் பயன்படுத்துவோர்க்குச் சளிக்காய்ச்சல், கோவிட்-19 போன்ற மூச்சுவழி வைரஸ் நோய்கள் பற்றும் வாய்ப்பு மிகுமா? இவ்வினாவை நடுநிலையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அச்சுறுத்தும் பேச்சும் வேண்டா. ஆறுதல் பேச்சும் வேண்டா. சான்று எவ்வளவு தூரம் செல்கிறதோ அவ்வளவு தூரமே நாமும் செல்வோம்.

1. கருவியும் அதன் உள்ளீடும்

மின்சிகரெட்டை இன்றைய வடிவில் உருவாக்கியவர் சீன நாட்டு மருந்தியலாளர் ஓன் லிக் என்பவர். 2003-ஆம் ஆண்டில் அவர் வடிவமைத்த கருவி சிறிது காலத்திற்குள் சந்தைக்கு வந்து உலகெங்கும் பரவியது. அதன் அமைப்பு எளியது. ஒரு மின்கலம், சூடேறும் ஒரு சிறு கம்பிச்சுருள், ஒரு திரவக் கலம், வாயில் வைத்து உறிஞ்சும் ஒரு முனை ஆகியவையே அதன் உறுப்புகள். உறிஞ்சும்போது கம்பிச்சுருள் சூடாகித் திரவத்தைப் பனிப்படலமாக மாற்றுகிறது.

அத்திரவம் தண்ணீரன்று என்பதே ஈண்டு முதன்மையாக அறியத்தக்கது. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் ஆகிய இரு வேதிப்பொருள்கள் அதன் அடிப்படை. அவற்றோடு பெரும்பாலும் நிக்கோட்டினும், பழம், புதினா, இலவங்கப்பட்டை முதலியவற்றின் மணமூட்டிகளும் கலக்கப்படுகின்றன. இத்திரவம் சூடேறும்போது அசிட்டால்டிகைடு, பார்மால்டிகைடு போன்ற எரிச்சலூட்டும் பொருள்களும் உண்டாகக்கூடும். எனவே வெளிவருவது அறிவியல் நோக்கில் ஆவியும் அன்று. காற்றில் மிதக்கும் நுண்துளிகளின் தொகுதி. அத்துளிகள் நுரையீரலின் கடைக்கோடிவரை செல்லத்தக்க அளவு நுண்ணியவை.

ஆவிபிடித்தலில் உள்ளே செல்வது கொதிநீரின் ஆவி. அதுவும் வைரஸைக் கொல்லும் மருந்தன்று. மூக்கடைப்பைச் சற்றே தளர்த்தும் ஆறுதல் மட்டுமே. மின்சிகரெட்டிலோ அந்த ஆறுதலும் இல்லை. பெயரொற்றுமை பொருளொற்றுமை ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2. மூச்சுப்பாதையின் மூன்று காவல்கள்

ஒருவர் ஒரு நாளில் ஏறத்தாழ இருபதாயிரம் முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு மூச்சிலும் தூசியும் நுண்ணுயிர்களும் உட்புக வாய்ப்புண்டு. இருப்பினும் நாம் ஒவ்வொரு நாளும் நோயுறுவதில்லை. அதற்குக் காரணம் மூச்சுப்பாதையில் இயற்கை அமைத்துள்ள காவல்களே. அவற்றை மூன்றாக வகுத்துக் காணலாம்.

முதற்காவல், சளிப்படலமும் குற்றிழைகளும். மூக்கிலும் மூச்சுக்குழலிலும் உள்ள சளிப்படலத்தில் அயற்பொருள்கள் ஒட்டிக்கொள்கின்றன. கண்ணுக்குப் புலனாகாத குற்றிழைகள் நெல்வயலில் காற்றடிக்கும்போது கதிர்கள் அசைவதுபோல் ஒருங்கே அசைந்து, அச்சளியைத் தொண்டையை நோக்கித் தள்ளிவிடுகின்றன.

இரண்டாங்காவல், மூச்சுப்பாதையின் உட்சுவரை அமைக்கும் செல்கள். வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்தவுடன் அச்செல் இன்டர்ஃபெரான் என்னும் பொருளைச் சுரந்து அண்டைச் செல்களை எச்சரிக்கிறது. ஊரில் ஒரு வீட்டில் திருடன் புகுந்தால் அவ்வீட்டார் கூவி ஊரை எழுப்புவதை ஒத்தது இது.

மூன்றாங்காவல், விழுங்கு செல்கள். நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் உலவும் இவை, தப்பி உட்புகுந்த நுண்ணுயிர்களை விழுங்கி அழிக்கின்றன.

எனவே 'மின்சிகரெட் நோயை உண்டாக்குமா' என்னும் வினாவை, 'மின்சிகரெட் இம்மூன்று காவல்களுள் எதனைத் தளர்த்துகிறது' என்று மாற்றிக் கேட்பதே முறையாகும். நோயை உண்டாக்குவது வைரஸ். கருவி செய்யக்கூடியது வாயிற்கதவைத் திறந்துவைப்பதே.

3. அண்டை மண்ணின் சான்று

மின்சிகரெட்டைப் பற்றி ஆராயுமுன், அதன் முன்னோடியான பீடி, சிகரெட் ஆகியவற்றின் புகை தொற்றுநோயோடு கொண்டுள்ள உறவை அறிதல் நலம். இதற்கான உலகப் புகழ்பெற்ற சான்று நம் அண்டை மண்ணிலேயே கிடைத்துள்ளது.

சேதராப்பட்டு, புதுச்சேரியிலிருந்து மயிலம் செல்லும் சாலையில், வில்லியனூர் கொம்யூனில் உள்ள ஊர். புதுச்சேரியின் நிலப்பரப்பு ஒரே தொடர்ச்சியாக அமையாமல் விழுப்புரம் மாவட்ட ஊர்களோடு இடையிடையே கலந்து கிடப்பதை இவ்வட்டாரத்தார் நன்கறிவர். அந்த விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களிலும் சென்னை நகரிலும் மருத்துவர் வி. கஜலட்சுமி, ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு பீட்டோ முதலியோர் ஓர் ஆய்வை நடத்தினர். 1990-களின் பிற்பகுதியில் நோயால் இறந்த சுமார் 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை, உயிருடன் இருந்த சுமார் 35,000 ஆண்களின் பழக்கத்தோடு அவர்கள் ஒப்பிட்டனர். ஆய்வின் முடிவு 2003-ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது.

புகைக்காதோரோடு ஒப்பிட, புகைப்போர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு நகரத்தில் 4.5 மடங்காகவும் சிற்றூர்களில் 4.2 மடங்காகவும் இருந்தது. இந்திய ஆண்களின் காசநோய் இறப்புகளில் ஏறக்குறைய பாதிக்குப் புகைப்பழக்கம் காரணமாகிறது என்று அவர்கள் கணித்தனர். புகை என்றால் புற்றுநோய் என்று மட்டுமே எண்ணியிருந்த உலகிற்கு, புகை தொற்றுநோய்க்கும் துணைபோகிறது என்பதை உணர்த்திய ஆய்வு இது.

காசநோய் பாக்டீரியாவால் வருவது, வைரஸால் வருவதன்று. எனினும் வைரஸைப் பொறுத்தும் இதனையொத்த சான்றுகள் உள்ளன. இஸ்ரேல் இராணுவப் பிரிவொன்றில் இன்ஃபுளுயன்சா பரவியபோது 336 இளைஞர்களை ஆராய்ந்து 1982-இல் வெளியிட்ட கட்டுரை, புகைப்போரில் 68.5 விழுக்காட்டினரும் புகைக்காதோரில் 47.2 விழுக்காட்டினரும் நோயுற்றதாகக் கூறுகிறது. ஒரே முகாமில் வாழ்ந்த, ஏறக்குறைய ஒத்த வயதினரிடையே காணப்பட்ட வேறுபாடு இது. தன்னார்வலர் 391 பேரின் மூக்கில் சளிநோய் வைரஸைச் சொட்டுகளாக விட்டு நடத்திய வேறோர் ஆய்வும், புகைப்போர்க்கு நோய் பற்றும் வாய்ப்பு மிகுதி என்று 1993-இல் அறிவித்தது. சிகரெட்டைப் பொறுத்தவரை வழக்கு ஏறத்தாழ முடிந்தது எனலாம். புகையில்லாத மின்சிகரெட்டுக்கும் இது பொருந்துமா என்பதே இனி ஆராயத்தக்கது.

4. ஆய்வுக்கூடம் கூறுவன

முன்னர்க் கண்ட மூன்று காவல்களின் வரிசையிலேயே சான்றுகளை நோக்குவோம்.

குற்றிழைகளைப் பற்றியது முதற்சான்று. இலவங்கப்பட்டை மணமூட்டியில் உள்ள சின்னமால்டிகைடு என்னும் பொருள், மூச்சுக்குழல் செல்களின் குற்றிழை அசைவைத் தற்காலிகமாக ஒடுக்குகிறது என்று அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் கண்டறிந்தனர். இலவங்கப்பட்டை நம் சமையலறைப் பொருளாயிற்றே என்று வியக்கலாம். வயிறு ஏற்கும் பொருளை எல்லாம் நுரையீரல் ஏற்கும் என்பதில்லை. உண்ணத்தக்கது என்னும் சான்றிதழ் நுகரத்தக்கது என்னும் சான்றிதழ் ஆகாது.

உட்சுவர்ச் செல்களைப் பற்றியது அடுத்தது. அதே பல்கலைக்கழகத்தார் புகைக்காதோர், சிகரெட் புகைப்போர், மின்சிகரெட் பயன்படுத்துவோர் ஆகிய மூவகையினரின் மூக்கு உட்படலத்திலிருந்து செல்களை எடுத்து ஆராய்ந்து 2016-இல் முடிவை வெளியிட்டனர். நோயெதிர்ப்போடு தொடர்புடைய மரபணுக்களுள் 53 சிகரெட் புகைப்போரிடம் ஒடுங்கியிருந்தன. மின்சிகரெட் பயன்படுத்துவோரிடம் அந்த 53-உம் ஒடுங்கியிருந்ததோடு, மேலும் 305 மரபணுக்களும் ஒடுங்கியிருந்தன. பின்னர் 2021-இல் வெளிவந்த ஆய்வில், மூக்கு வழியே செலுத்தப்படும் வலுக்குறைந்த இன்ஃபுளுயன்சா வைரஸ் தடுப்பு மருந்தினை அவர்கள் இளைஞர்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். அதனை எதிர்கொண்டபோது, மின்சிகரெட் பயன்படுத்துவோரின் மூக்குப் படலம் புகைக்காதோரின் படலத்தைப்போல் இயங்கவில்லை. எதிர்ப்பாற்றலுக்குரிய மரபணுக்களின் செயற்பாடு மாறுபட்டிருந்தது.

விழுங்கு செல்களைப் பற்றியது மூன்றாவது. 2015-இல் ஜான்சு ஆப்கின்சுப் பல்கலைக்கழகத்தார் சுண்டெலிகளை இரண்டு வாரம் மின்சிகரெட் படலத்தில் வைத்தபின் இன்ஃபுளுயன்சா வைரஸைச் செலுத்தினர். தூய காற்றில் இருந்த எலிகளைவிட அவற்றின் நுரையீரலில் வைரஸ் மிகுதியாக இருந்தது. நோயும் இறப்பும் மிகுந்தன. 2019-இல் பெய்லர் மருத்துவக் கல்லூரியார் நான்கு மாதம் நடத்திய ஆய்வு இன்னும் ஒரு படி மேற்சென்றது. நிக்கோட்டின் இல்லாத படலத்தை நுகர்ந்த எலிகளின் விழுங்கு செல்களிலும் கொழுப்புப் பொருள்கள் தேங்கி, அவற்றின் ஆற்றல் குன்றியது. "நிக்கோட்டின் இல்லாதது, ஆதலால் பாதுகாப்பானது" என்னும் கூற்றுக்கு இது தக்க மறுப்பாகும்.

ஆயினும் எலி மனிதனன்று. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல் நுரையீரலும் அன்று. இச்சான்றுகள் 'காவல் தளர்கிறது' என்பதைக் காட்டுகின்றன. 'ஆகவே நோய் பற்றுகிறது' என்று கூற மக்களிடையே நடந்த ஆய்வுகள் வேண்டும்.

5. மக்களிடை ஆய்வுகளின் முரண்பாடு

கோவிட்-19 பரவிய காலம் இதற்கு வாய்ப்பாயிற்று. 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் 13 முதல் 24 வயது வரையுள்ள 4,351 பேரிடம் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிவானி மாத்தூர் கைகா முதலியோர் வினாக்கள் விடுத்தனர். மின்சிகரெட்டை எப்போதேனும் பயன்படுத்தியோர், தமக்குக் கோவிட் உறுதியானதாகக் கூறும் வாய்ப்பு ஏனையோரைவிட 5 மடங்காக இருந்தது. சிகரெட்டையும் சேர்த்துப் பயன்படுத்தியோரிடம் அது 7 மடங்காயிற்று. இச்செய்தி உலக நாளேடுகளில் பெரிதாக வெளிவந்தது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. அதே ஆய்வில், கடந்த 30 நாள்களில் மின்சிகரெட்டை மட்டும் பயன்படுத்தியோரிடம் அத்தகைய தெளிவான உறவு புலப்படவில்லை. மின்சிகரெட்டே காரணமாயின், அண்மையில் பயன்படுத்தியோரிடமன்றோ விளைவு மிகுதியாகத் தெரியவேண்டும்? மேலும் 2021-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையார், பரிசோதனை செய்துகொண்ட 69,264 பேரின் மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்து, மின்சிகரெட் பயன்படுத்துவதற்கும் கோவிட் உறுதியாவதற்கும் தொடர்பு காணப்படவில்லை என்று அறிவித்தனர்.

இரண்டு ஆய்வுகளும் ஏன் இவ்வாறு முரண்படுகின்றன? முன்னது, இளைஞர்கள் தாமே கூறியதை நம்பியது. பின்னது மருத்துவப் பதிவேட்டை நம்பியது. கருவியைப் பயன்படுத்தும் இளைஞர் நண்பர் கூட்டத்தில் மிகுதியாகப் பழகுபவராகவும், ஒரே கருவியைப் பலர் மாறி மாறி உறிஞ்சுபவராகவும் இருக்கலாம். அங்ஙனமாயின் நோயைத் தந்தது படலமா, பழக்கமா என்று பிரித்தறிதல் அரிது. மருத்துவப் பதிவேட்டிலோ மின்சிகரெட் பழக்கம் முழுமையாகப் பதிவாகாமல் போகலாம். எனவே ஓர் ஆய்வை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மேடையேறுவது நேர்மையன்று. தமக்கு ஏற்ற சான்றை மட்டும் பொறுக்கும் குற்றம் விற்பவரிடம் இருப்பதுபோலவே எச்சரிப்பவரிடமும் இருத்தல் கூடும்.

6. தொற்றுவதும் முற்றுவதும்

முரண்பட்ட சான்றுகளிடையே வழிகாணத் துணைசெய்வது ஒரு வேறுபாடு. நோய் தொற்றுவது வேறு. தொற்றிய நோய் முற்றுவது வேறு.

வைரஸ் நம்மை அடைவது பெரும்பாலும் நாம் யாரோடு, எத்தகைய அறையில், எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அடைந்த வைரஸ் மூக்கோடு நின்றுவிடுகிறதா, நுரையீரலுக்குள் இறங்குகிறதா என்பது நம் காவல்களின் வலிமையையும் பொறுத்தது. ஆய்வுக்கூடச் சான்றுகள் பெரும்பாலும் இரண்டாவதையே சுட்டுகின்றன. 2022-இல் மேயோ மருத்துவமனையார் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதற்கு இயைகிறது. கோவிட் உறுதியான மின்சிகரெட் பழக்கமுடையோர் 289 பேரை, அப்பழக்கமில்லாத கோவிட் நோயாளிகள் 1,445 பேரோடு ஒப்பிட்டபோது, நெஞ்சு வலி, உடல்வலி, தலைவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு முதலிய அறிகுறிகள் முன்னவரிடம் மிகுதியாக இருந்தன.

இவ்வேறுபாட்டை மறந்ததால் விளைந்த குழப்பத்திற்கும் அண்மை வரலாற்றில் எடுத்துக்காட்டு உண்டு. புதுச்சேரியோடு நெடுங்காலத் தொடர்புடைய பிரான்சு நாட்டில், 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், கோவிட் நோயாளிகளிடையே புகைப்போர் குறைவாக உள்ளனர் என்பதைக் கொண்டு, நிக்கோட்டின் நோயைத் தடுக்குமோ என்னும் கருதுகோளைப் பாரிசு மருத்துவர் சிலர் முன்வைத்தனர். மக்கள் நிக்கோட்டின் ஒட்டுப்பட்டைகளை வாங்கிக் குவிக்கக்கூடும் என்று அஞ்சிய அரசு, அவற்றின் விற்பனைக்கு வரம்பு விதித்தது. பின்னர் தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் அப்பட்டைகளைக் கொண்டு நடத்திய சோதனையில் இறப்பு குறையவில்லை. இதற்கிடையே, புகைப்போர்க்குக் கோவிட் கடுமையாகும் வாய்ப்பு மிகுதி என்று 2020 மே மாதத்தில் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்திருந்தது. நோயாளிப் பட்டியலில் ஒருவகையினர் குறைவாயிருப்பது ஒன்று; பட்டியலில் இடம்பெற்றோர் படும் பாடு மற்றொன்று.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், பின்வரும் முடிவுகள் பெறப்படும். மின்சிகரெட் மூச்சுப்பாதையின் காவல்களைத் தளர்த்துகிறது என்பதற்குப் பலதிறப்பட்ட சான்றுகள் உள்ளன. தொற்றியபின் நோயின் துன்பம் மிகுதற்கு ஓரளவு சான்று உள்ளது. தொற்றும் வாய்ப்பையே மிகுவிக்கிறது என்பது இன்னும் உறுதிப்படவில்லை. உறுதிப்படவில்லை என்பதன் பொருள் தீங்கில்லை என்பதன்று.

7. ஓர் எதிர்வாதம்

"சிகரெட்டைவிட மின்சிகரெட் தீங்கு குறைந்ததென்று இங்கிலாந்தே கூறுகிறதே" என்று மாணவர் சிலர் வினவலாம். வினா நியாயமானது. இங்கிலாந்தின் பொதுநலவாழ்வுத் துறை 2015-இல் அவ்வாறு கூறியதும், நெடுநாள் புகைப்போர் சிகரெட்டை விடுவதற்கு அந்நாட்டு மருத்துவர்கள் இக்கருவியைப் பரிந்துரைப்பதும் உண்மையே. எரியும் புகையிலையில் உள்ள தார், கரியோராக்சைடு முதலியன இதில் மிகக் குறைவு அல்லது இல்லை.

ஆனால் 'குறைவு' என்பது ஒப்பீட்டுச் சொல். நாளொன்றுக்கு இருபது சிகரெட் புகைக்கும் ஐம்பது வயதினர்க்கு அவ்வொப்பீடு பொருந்தும். சிகரெட்டையே தொடாத பதினெட்டு வயது மாணவர்க்கு ஒப்பிடவேண்டியது சிகரெட் அன்று, தூய காற்று. அவ்வொப்பீட்டில் மின்சிகரெட் எப்போதும் தோற்கும். இளைஞரிடையே பழக்கம் பெருகுவதைக் கண்ட இங்கிலாந்து அரசும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகளின் விற்பனையை 2025 ஜூன் 1 முதல் தடைசெய்தது என்பது கருதத்தக்கது.

2019-இல் அமெரிக்காவில் மின்சிகரெட் பயன்படுத்தியோரிடையே பரவிய நுரையீரல் நோயையும் சிலர் எடுத்துக்காட்டுவர். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனை சேர்ந்தனர் அல்லது இறந்தனர்; இறப்பு 68. ஆயின் அது வைரஸால் வந்ததன்று. கஞ்சாச் சத்துக் கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் அதற்குப் பெரிதும் காரணமெனக் கண்டறியப்பட்டது. இதனை நம் வினாவோடு கலத்தல் கூடாது. எனினும் மறைவாக விற்கப்படும் திரவத்துள் என்ன உள்ளதென்று வாங்குபவர்க்குத் தெரியாது என்னும் பாடத்தை அது தருகிறது.

8. சட்டத்தின் நிலை

தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட பல பகுதிகள் முன்னரே தடைநடவடிக்கை எடுத்திருந்த நிலையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019 மே மாதத்தில் முழுத் தடையைப் பரிந்துரைத்தது. 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டமும், அதனைத் தொடர்ந்து அதே ஆண்டு டிசம்பரில் மின்னணு சிகரெட் தடைச் சட்டமும் வந்தன. மின்சிகரெட்டையும் மின் உக்காவையும் உற்பத்தி செய்தல், இறக்குமதி செய்தல், விற்றல், விளம்பரப்படுத்தல் யாவும் குற்றமாயின. முதல் குற்றத்திற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இருப்பு வைத்தலும் குற்றமே.

சட்டம் வந்தும் மறைவான விற்பனை ஒழியவில்லை. அதனாலேயே 2023-இல் மத்திய நலவாழ்வு அமைச்சகம் சட்டத்தைக் கடுமையாக நிறைவேற்றுமாறு மீண்டும் அறிவிப்பு வெளியிட நேர்ந்தது. 2019-இல் 13 முதல் 15 வயது வரையுள்ள இந்திய மாணவரிடையே எடுக்கப்பட்ட கணக்கில், 2.8 விழுக்காட்டினர் மின்சிகரெட்டை ஒருமுறையேனும் பயன்படுத்தியிருந்தனர். எண் சிறிதாகத் தோன்றலாம்; ஆனால் அவ்வயது பள்ளி வயது என்பதை மறத்தல் கூடாது.

9. நமக்கு உரியன

சேதராப்பட்டில் பிப்டிக் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. தொழிற்பேட்டை சார்ந்த ஊர்களில் வாழ்க்கை முறை தனித்தன்மை உடையது. பல ஊர் இளைஞர்கள் ஓரறையில் தங்குகின்றனர். முறைமாற்றி வேலை செய்வதால், ஒருவர் எழும் பாயில் மற்றவர் படுக்கிறார். ஒரே பேருந்து, ஒரே உணவுக்கூடம். கல்லூரி விடுதியும் இதற்கு விலக்கன்று. இத்தகைய சூழலில் வைரஸ் ஒருவரை அடைந்தால் அனைவரையும் அடையும். தொற்றுவதைத் தடுப்பது கடினமான இடத்தில், முற்றாமல் காக்கும் காவலே பெருந்துணை. அக்காவலைத் தம் கையாலேயே தளர்த்திக்கொள்ளுதல் அறிவுடைமை ஆகுமா என்பதை இளைஞர் எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரு நாள் காய்ச்சல் ஒரு வாரக் காய்ச்சலானால், நாட்கூலி பெறுவோர்க்கு அது ஒரு வார ஊதிய இழப்பு; அறையில் உடனிருப்போர்க்கு நீண்ட இடர்.

இந்நிலையில் செய்யத்தக்கன சில உள. முதலாவது, ஒரே கருவியைப் பலர் வாயில் வைத்துப் பகிர்தலை உடனே நிறுத்தவேண்டும். படலத்தைப் பற்றிய ஐயம் இருப்பினும், எச்சில் வழியே தொற்று பரவும் என்பதில் ஐயமில்லை. இரண்டாவது, தங்கும் அறையின் சன்னல்களைத் திறந்துவைத்தலும், காய்ச்சல் கண்டவர் முகக்கவசம் அணிந்து விலகியிருத்தலும், மருத்துவர் அறிவுறுத்தும் தடுப்பூசிகளைச் செலுத்திக்கொள்ளுதலும் எவர்க்கும் நன்மை பயக்கும். மூன்றாவது, பழக்கத்துக்கு ஆட்பட்டோர் அதனை விட முயலும்போது தனியே போராடவேண்டியதில்லை. புகையிலைப் பழக்கத்தை விடுவதற்கான தேசிய உதவி எண் 1800-11-2356. அழைப்புக்குக் கட்டணம் இல்லை.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஜமாஅத்துப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். பீடியின் நாற்றத்தை அறிந்த தலைமுறை, மாம்பழ மணத்தில் ஐயங்கொள்வதில்லை. எழுதுகோல் போலவும், கணினியில் செருகும் சிறு நினைவுக் கருவி போலவும் இது வருவதால் கண்ணும் ஏமாறும். ஆதலின் கருவியை அறிந்துகொள்ளுதல் முதற்கடமை. அறிந்தபின் இளைஞரிடம் பேசும்போது உண்மையை உள்ள அளவே சொல்லுதல் இரண்டாவது கடமை. "இதைத் தொட்டால் கோவிட் வந்துவிடும்" என்று கூறினால், தொட்டும் வராத ஒருவனைக் கண்ட மாணவன், நாம் கூறும் ஏனைய உண்மைகளையும் நம்பான். "வந்தால் தாங்கும் வலிமையை இது குறைக்கக்கூடும்" என்று கூறின், அது உண்மையும் ஆகும். அவன் அறிவையும் மதித்தல் ஆகும்.

முடிவுரை

மின்சிகரெட்டின் படலம் ஆவியன்று, வேதிப்பொருள்களின் நுண்துளி. அது சளிப்படலம், உட்சுவர்ச் செல்கள், விழுங்கு செல்கள் ஆகிய மூன்று காவல்களையும் தளர்த்துவதற்குச் சான்றுகள் உள. நோய் தொற்றும் வாய்ப்பை மிகுவிக்கிறதா என்பதில் மக்களிடை ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. தொற்றிய நோயின் துன்பத்தை மிகுவிக்கும் என்று கருத இடமுண்டு. விழுப்புரத்துச் சிற்றூர்களில் பீடிப்புகை காசநோய்க்குத் துணைபோனதை முழுமையாக அறிய, உயிரிழந்த பல்லாயிரவரின் கணக்கை எடுக்க வேண்டியிருந்தது. மின்சிகரெட்டைப் பற்றிய உறுதி வருவதற்கும் அத்தகைய கணக்கு எழுதப்படும்வரை காத்திருக்க வேண்டுமா? ஆவி என்னும் சொல்லுக்குத் தமிழில் உயிர் என்றும் பொருளுண்டு. அதனைக் காக்கப் போதிய அளவு இன்றே அறிந்திருக்கிறோம்.